லாஸ்ட் முடிவு: நாலு விளக்கங்களில் எதை எடுத்துக்கொள்வது?

சித்தப்பா மகள் ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். "அண்ணா, லாஸ்ட் முடிச்சுட்டேன். அப்போ ஆரம்பத்துலயே எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டாங்களா? இதுக்கா நான் 121 எபிசோடு கண்ணு முழிச்சேன்?"

2010 மே 23 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 'லாஸ்ட்' தொடரின் கடைசி எபிசோடு ஓடி முடிந்த அன்றே கிளம்பிய கேள்வி இது. அப்புறம் டிவிடியில் பார்த்தவர்கள் கேட்டார்கள், இப்போது ஓடிடியில் பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். கேட்கும் குரலில் தொடர் முடிந்த வருத்தம் பாதி, ஏமாந்துவிட்டோமோ என்கிற எரிச்சல் பாதி. அந்த நிலையில் தேடப் போனால் நாலைந்து விளக்கங்கள் கண்ணில் படும். ஒவ்வொன்றைப் படிக்கும்போதும் அதுதான் சரி என்று தோன்றும். அடுத்ததைப் படித்ததும் குழப்பம் இன்னும் கூடும்.

அவளுக்கு அன்று நீளமாக ஒரு பதில் எழுதினேன். அதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். தொடரை இன்னும் முடிக்காதவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன்.

## முதலில், திரையில் நடந்தது என்ன

2004 செப்டம்பர் 22. சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் கிளம்பிய ஓஷியானிக் 815 விமானம் ஒரு தீவில் விழுகிறது. ஐந்து சீசன் அந்தக் கதைதான். ஆறாவது சீசனில் கதை இரண்டு தடத்தில் ஓடும். ஒன்று தீவு, வருடம் 2007. இன்னொன்றில் அதே 815 விமானம் விழாமல் பத்திரமாகத் தரையிறங்கிவிடுகிறது. அதே ஆட்கள், ஆனால் வேறு வாழ்க்கை. ரசிகர்கள் 'ஃபிளாஷ் சைடுவேஸ்' என்று சொல்வதை நான் 'பக்கவாட்டு உலகம்' என்று சொல்கிறேன்.

அந்த உலகத்தில் ஒவ்வொருவருக்காக நினைவு திரும்புகிறது. கடைசியில் ஒரு தேவாலயத்தில் ஒன்று சேர்கிறார்கள். கதாநாயகன் ஜாக் தன் அப்பாவின் சவப்பெட்டியைத் திறக்கிறான், உள்ளே ஒன்றுமில்லை. திரும்பினால் அப்பா கிறிஸ்டியன் நிற்கிறார். அதே நேரத்தில், இன்னொரு தடத்தில், கத்திக்குத்து வாங்கிய ஜாக் தீவின் மூங்கில் காட்டுக்குள் தள்ளாடி வந்து விழுகிறான். தலைக்கு மேல் நண்பர்கள் ஏறிய விமானம் பறந்து போகிறது. கண் மூடுகிறது. தொடரின் முதல் காட்சியில் திறந்த அதே கண், அதே மூங்கில் காடு.

நம் மொழியில் 'கண்ணை மூடிட்டார்' என்றாலே விஷயம் முடிந்தது. அந்தக் கடைசி ஷாட்டுக்கு விளக்கவுரை தேவையில்லை. சண்டை முழுக்க இன்னொரு தடத்தைப் பற்றித்தான்.

## எதை வைத்து எடை போடுவது

நான் நாலு கேள்வி வைத்துக்கொள்கிறேன்.

ஒன்று, திரையில் காட்டியதோடு ஒத்துப்போகிறதா? வசனம், காட்சி, யார் எங்கே இருக்கிறார்கள் என்பதெல்லாம் இதில் அடங்கும்.

இரண்டு, எழுதியவர்கள் என்ன சொன்னார்கள்? டேமன் லிண்டலாஃபும் கார்ல்டன் கியூஸும்தான் தொடரை நடத்தியவர்கள். அவர்கள் வாக்கு வேதவாக்கு இல்லை. ஆனாலும் அதற்கு நேர் எதிராக ஒரு விளக்கம் போனால், அதைச் சொல்பவர் கூடுதலாக ஆதாரம் காட்ட வேண்டும்.

மூன்று, இதை ஏற்றுக்கொண்டால் எதைத் தூக்கிப் போட வேண்டியிருக்கும்? பெரும்பாலான வாதங்களில் இந்தக் கேள்வியே வருவதில்லை. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். எந்த விளக்கத்தை எடுத்தாலும் நாம் அழுத காட்சிகளில் சிலவற்றை அது காசுக்குப் பெறாததாக ஆக்கிவிடும். அந்த விலை தெரியாமல் எதையும் வாங்கக் கூடாது.

நான்கு, மறுபடி முதலிலிருந்து பார்த்தால் தாக்குப்பிடிக்குமா?

| விளக்கம் | திரையில் ஆதாரம் | எழுதியவர்கள் | கொடுக்கும் விலை | மறுபடி பார்த்தால் |
|---|---|---|---|---|
| விமானம் விழுந்தபோதே எல்லோரும் இறந்தார்கள் | மிகக் குறைவு | வெளிப்படையாக மறுத்தார்கள் | ஆறு சீசனும் | முதல் சீசனோடு சரி |
| தீவு நிஜம், பக்கவாட்டு உலகம் மட்டும் மறுமை | வலுவானது | இதுதான் | ஆறாவது சீசனில் பாதி | நிற்கிறது |
| குண்டு வெடித்து இன்னொரு காலம் பிறந்தது | கடைசி எபிசோடு வரை நிறைய | ஆதரவில்லை | கடைசி எபிசோடு | ஐந்தாவது சீசனுக்கு நல்லது |
| ஜாக் சாகும் நொடியின் கனவு | அழகானது, அரைகுறை | ஆதரவில்லை | மற்ற எல்லோரும் | ஜாக்கின் கதைக்கு மட்டும் |

## விமானம் விழுந்தபோதே எல்லோரும் இறந்துவிட்டார்கள்

அதிகம் புழங்குவது இதுதான். இதை நம்புகிறவர்களை முட்டாள் என்று சொல்ல மாட்டேன். தொடரே அவர்களை ஆறு வருடம் அந்தப் பக்கம் தள்ளியது.

மூன்றாவது சீசனில் வானத்திலிருந்து வந்து இறங்கும் நவோமி, 815 விமானம் கிடைத்துவிட்டது, அதில் ஒருவரும் பிழைக்கவில்லை என்று சொல்கிறாள். அதே சீசனில், விமானத்தில் வந்தவர்களில் ஒருவரான லாக்கின் அப்பன் ஆண்டனி கூப்பர், இது நரகம்தான் என்று அடித்துச் சொல்கிறான். ஆறாவது சீசனில், தீவில் வயதே ஆகாமல் வாழும் ரிச்சர்ட் ஆல்பர்ட்டும் நாம் எல்லோரும் செத்தவர்கள், இருப்பது நரகத்தில் என்று புலம்புகிறான். இதற்கெல்லாம் மேலே, கடைசி எபிசோடு முடிந்து பெயர்கள் ஓடும்போது ஆளில்லாத கடற்கரையும் விமானத்தின் சிதைவும் சத்தமே இல்லாமல் வந்துபோகின்றன. யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்? 'அடப்பாவிகளா, யாருமே பிழைக்கலையா!' என்றுதான்.

அந்தச் சிதைவுக் காட்சிகள் கதையைச் சேர்ந்தவை இல்லை. அவ்வளவு கனமான முடிவிலிருந்து சட்டென்று இரவுச் செய்திக்குத் தாவ வேண்டாமே என்று, கைவசம் இருந்த படத்துண்டுகளைத் தொலைக்காட்சி நிறுவனம் போட்டது. 2014-ல் பேலி விழா மேடையில் இதைச் சொல்லி, அவர்கள் முதலிலிருந்தே செத்தவர்கள் இல்லை என்று கியூஸ் மறுபடி விளக்க வேண்டி வந்தது. நல்லெண்ணத்தில் போட்ட சில நொடிப் படம் ஆறு வருட உழைப்புக்கு வேறு முடிவு எழுதிவிட்டது. இதைவிடப் பெரிய எடிட்டிங் சோகம் எனக்குத் தெரியாது.

மற்ற சாட்சிகளையும் பாருங்கள். கடலடியில் கிடைத்த விமானம் போலி என்று நாலாவது சீசனே சொல்லிவிடுகிறது. நரகம் என்று புலம்பிய ரிச்சர்டை, தீவின் காவலன் ஜேக்கப் கடலுக்கு இழுத்துப்போய், மூச்சு முட்ட முட்டத் தண்ணீரில் முக்குகிறான். இப்பவும் செத்துட்டதா நினைக்கிறியா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறான். உயிர் வேண்டும் என்று ரிச்சர்ட் கதறுகிற வரை விடுவதில்லை. அந்தக் காட்சியை எழுதியவர்கள் ரிச்சர்டை முக்கவில்லை, இந்தக் கோட்பாட்டைத்தான் தலையைப் பிடித்து முக்கினார்கள் என்று எனக்குத் தோன்றும்.

கடைசி அடி தேவாலயத்தில் விழுகிறது. அங்கே டெஸ்மண்டின் காதலி பென்னி இருக்கிறாள். அவள் 815-ல் ஏறவே இல்லை, தீவில் கால் வைத்ததும் இல்லை. டெஸ்மண்ட் அந்த விமானத்தில் வரவில்லை, ஜூலியட்டும் வரவில்லை. விபத்தில் செத்தவர்கள் கூடும் இடம் அது என்றால் இந்த மூன்று பேருக்கும் அங்கே என்ன வேலை?

இனி விலை. மூன்றாவது சீசன் முடிவில் சார்லி தண்ணீருக்குள் சாகும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அறைக்குள் கடல் புகுந்துகொண்டிருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெஸ்மண்ட். சார்லி உள்ளங்கையில் பேனாவால் கிறுக்கி, கையைக் கண்ணாடியில் அழுத்துகிறான்: இது பென்னியின் கப்பல் இல்லை. எச்சரிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது என்று டெஸ்மண்டின் முகத்தில் தெரிந்த பிறகு, சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் மிதந்து போகிறான். இந்த விளக்கத்தை ஏற்றால் அங்கே நடந்தது ஒன்றுமே இல்லை. ஏற்கெனவே செத்தவன் இன்னொரு தடவை செத்தான், அவ்வளவுதான். பூன், ஜின், சன், சயீத் எல்லோருக்கும் இதே கணக்கு. இவ்வளவு விலை கொடுத்து வாங்கினால் கையில் மிஞ்சுவது 'நான் முதல்லயே சொன்னேன்ல' என்கிற ஒரு வரி.

சரி, இந்த விளக்கம் எங்கேயாவது பொருந்துமா? பொருந்தும், வேறொரு தொடரில். லாஸ்ட் முடிவதற்கு இரண்டே நாள் முன்னால், 2010 மே 21 அன்று, பிபிசியின் 'ஆஷஸ் டு ஆஷஸ்' முடிந்தது. (அதைப் பார்க்க நினைப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) அங்கே ஜீன் ஹன்ட்டும் அவர் கீழே வேலை பார்த்தவர்களும் உண்மையிலேயே செத்துப்போன போலீஸ்காரர்கள். 'ரயில்வே ஆர்ம்ஸ்' என்கிற மதுக்கடைதான் மேலே போகும் வாசல். ஆனால் அந்தக் கதை முதல் நாளிலிருந்தே நியாயமாக விளையாடியது. அதற்கு முந்தைய 'லைஃப் ஆன் மார்ஸ்' தொடரில் ஒவ்வொரு வாரமும் கதாநாயகன் கேட்பான்: எனக்குப் பைத்தியமா, நான் கோமாவிலா, இல்லை காலத்தில் பின்னால் போய்விட்டேனா? கேள்வியை முன்னாலேயே போட்டுவிட்டதால் கிடைத்த பதில் கசக்கவில்லை. அந்தப் பூட்டுக்கு இது சரியான சாவி. லாஸ்ட்டில் நுழைத்துத் திருகினால் சாவிதான் உடையும்.

## தீவு நிஜம், பக்கவாட்டு உலகம் மட்டும் மறுமை

கதையைச் சொன்னவர்களின் விளக்கம் இது. தீவில் நடந்ததெல்லாம் நடந்தது. ஒவ்வொருவரும் அவரவர் நேரம் வந்தபோது இறந்தார்கள், சிலர் ஜாக்குக்கு முன்னால், சிலர் ரொம்பக் காலம் கழித்து. எப்போது இறந்தாலும் எல்லோரும் வந்து சேர்ந்தது, சேர்ந்து உண்டாக்கிக்கொண்ட அந்த ஒரே இடத்துக்கு. அங்கே 'இப்போது' என்று ஒன்று கிடையாது. கிறிஸ்டியன் சொல்வதன் சாரம் இதுதான். நான் நிஜம், நீ நிஜம், உனக்கு நடந்தது அத்தனையும் நிஜம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். இவ்வளவு பச்சையாகப் பதில் சொன்ன பிறகும் இத்தனை பேர் தவறவிட்டது அதிசயம்தான். ராத்திரி இரண்டு மணிக்கு அழுதுகொண்டே பார்த்தால் காதில் விழாது போல.

சின்னச் சின்ன ஆதாரங்கள்தான் எனக்குப் பிடித்தவை. தேவாலய வாசலில் ஹர்லியும் பென்னும் பிரிகிறார்கள் (இது பென் லைனஸ், பென்னி இல்லை). நீ நல்ல நம்பர் டூவா இருந்தே என்று ஹர்லி சொல்ல, நீ அருமையான நம்பர் ஒன்னா இருந்தே என்கிறான் பென். அந்த இரண்டு வரிக்குள் நாம் பார்க்காத எத்தனையோ வருடங்கள் இருக்கின்றன. ஜாக் செத்த பிறகு இந்த இரண்டு பேரும் தீவைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்து முடித்திருக்கிறார்கள். டிவிடியோடு வந்த பன்னிரண்டு நிமிடத் துணுக்கில் 815-ல் சிறுவனாக வந்த வால்ட்டைப் பென் போய்க் கூட்டிவருவதும் அந்தக் காலத்தில் நடப்பதுதான். ஜாக்கைக் காதலித்த கேட் அவனைப் பார்த்ததும், உன் நினைப்பாவே இருந்தேன் என்கிறாள். ஜாக்குக்கு அது ஒரு கணம் முன்னால் நடந்த பிரிவு. அவளுக்கு அது ஒரு ஆயுசு.

இன்னொன்று, பென் உள்ளே போவதில்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் லாக்கிடம் முதலில் மன்னிப்புக் கேட்கிறான். முன்பு லாக்கின் கழுத்தை நெரித்துக் கொன்றவன் அவன். பொறாமைதான் காரணம் என்று ஒத்துக்கொள்கிறான்: நீ விசேஷமானவன், நான் அப்படி இல்லை. லாக் மன்னித்துவிட்டுக் கிளம்பும்போது, இனி உனக்கு அந்த நாற்காலி தேவையில்லை என்று பென் சொல்ல, லாக் எழுந்து நடக்கிறான். பென் வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறான். அவன் தீர்க்க வேண்டிய கணக்கு இன்னும் பாக்கி.

இந்த இடத்தைப் பலர் கிறிஸ்தவ உத்தரிக்கிற ஸ்தலம் என்கிறார்கள். எனக்கு அது முழுசாகப் பொருந்தவில்லை. உத்தரிக்கிற ஸ்தலத்தில் பாவம் கழுவப்பட வேண்டும். இங்கே யாரையும் யாரும் தண்டிக்கவில்லை. தாம் இறந்ததே தெரியாமல் நடமாடுகிறார்கள், நினைவு வந்ததும் கிளம்பத் தயாராகிறார்கள். திபெத்திய பௌத்தத்தில் சாவுக்கும் அடுத்த பிறவிக்கும் நடுவே 49 நாள் வரை நீளும் 'பர்தோ' என்று ஒரு நிலை உண்டு. அங்கேயும் இறந்தவருக்குத் தான் இறந்தது தெரியாமல் இருக்கலாம். பக்கவாட்டு உலகம் அதற்குத்தான் நெருக்கம். எழுதியவர்கள் எந்த ஒரு மதத்திலும் நங்கூரம் போடவில்லை. சவப்பெட்டி இருக்கும் அறையின் வண்ணக் கண்ணாடியைக் கவனியுங்கள்: சிலுவை, பிறை, தாவீதின் நட்சத்திரம், தர்மச் சக்கரம், யின் யாங், கூடவே நம்ம ஓம். எல்லா வாசலையும் திறந்து வைத்துவிட்டார்கள்.

கிளம்புவது என்றா சொன்னேன்? ஜாக் கேட்பது அதைத்தான், விட்டுட்டுப் போறோமா என்று. விட்டுட்டு இல்லை, மேலே போகிறோம் என்கிறார் அப்பா. ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு தனித்தனிச் சொல் தேவைப்பட்டது. என் தங்கை கோபத்தில் அடித்த 'போய்ச் சேர்ந்துட்டாங்களா' என்பதிலேயே போவதும் இருக்கிறது, சேர்வதும் இருக்கிறது. அவளுக்கே தெரியாமல் பாதி விடையை எழுதிவிட்டிருந்தாள்.

இந்த விளக்கத்துக்கும் விலை உண்டு. அதை மறைத்துப் பேசும் ரசிகர்களோடு எனக்கு ஒட்டாது. ஆறாவது சீசனில் பாதிக் காட்சிகளுக்கு ஆபத்தே கிடையாது என்று ஆகிவிடுகிறது. பக்கவாட்டு உலகத்தில் சயீத் யாரைச் சுட்டாலும், ஜின் எங்கே மாட்டிக்கொண்டாலும், எல்லோருமே ஏற்கெனவே இறந்தவர்கள். ஜாக்குக்கு டேவிட் என்று ஒரு மகன் இருக்கிறானே, பியானோ வாசிப்பானே, அவன் யார்? யாரும் இல்லை. ஜாக் தன் அப்பாவோடு தீர்க்க வேண்டியதைத் தீர்த்துக்கொள்ள உண்டாக்கிக்கொண்ட பிள்ளை. முதல் தடவை பார்க்கும்போது அவனுக்காக மனசு கனத்தது. இரண்டாம் தடவை அவன் திரையில் வந்தாலே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. வளர்ந்து பெரியவனாகியிருக்க வேண்டிய, கிளேரின் மகன் ஏரன் தேவாலயத்தில் கைக்குழந்தையாகவே இருக்கிறான். அது கிளேரின் நினைவில் உள்ள ஏரன் என்று சமாதானம் சொல்லலாம். அவனுக்கென்று ஒரு வாழ்க்கை இருந்திருக்குமே? ஆயுள் முழுக்கக் காதலி நாதியாவைத் தேடிய சயீத், தீவில் சில நாள் பழகிய ஷானனின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை எப்படிப் புரட்டிப் போட்டாலும் எனக்குச் செரிக்கவில்லை.

இன்னொரு மறைமுகச் செலவும் உண்டு. தீவு என்றால் என்ன, அந்த ஒளி என்ன, 4, 8, 15, 16, 23, 42 என்கிற எண்களுக்கு உண்மையில் அர்த்தம் என்ன? இது எதற்கும் இந்த விளக்கம் வாய் திறக்காது. அந்த எண்களைக் கூட்டினால் 108, நிலவறையில் பொத்தானை அழுத்த வேண்டியதும் 108 நிமிடத்துக்கு ஒருமுறை. நாமும்தான் உட்கார்ந்து கூட்டினோம். கடைசியில் தேவாலயத்தில் ஆளுக்கு ஒரு கட்டிப்பிடி கிடைத்தது. புதிரை அவிழ்க்க வந்தவர்களுக்கு அது போதாது என்பது நியாயமான புகார்.

## குண்டு வேலை செய்தது

அறிவியல் பக்கம் நிற்பவர்களின் விருப்பம் இது. ஐந்தாவது சீசன் முடிவில், 1977-ல், ஜூலியட் ஹைட்ரஜன் குண்டைக் கல்லால் அடித்து வெடிக்க வைக்கிறாள். வரலாறு மாறும், விமானம் விழாது என்பது இயற்பியலாளன் ஃபாரடேயின் கணக்கு. ஆறாவது சீசன் தொடங்கினால் விமானம் விழவில்லை! தீவு கடலுக்கடியில் கிடக்கிறது. சாகும் ஜூலியட்டின் கடைசி எண்ணத்தை, இறந்தவர்களின் எண்ணங்களைக் கேட்கக்கூடிய மைல்ஸ் கேட்டுச் சொல்கிறான்: வேலை செஞ்சுது. அப்புறம் பக்கவாட்டு உலகத்தில் இசைக்கலைஞனாக இருக்கும் ஃபாரடே, தனக்கே புரியாத இயற்பியல் சமன்பாட்டை எழுதி வைத்துக்கொண்டு, நான் ஏற்கெனவே ஒரு அணுகுண்டை வெடித்துவிட்டேன் போலிருக்கிறது என்று டெஸ்மண்டிடம் சொல்கிறான். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று தோன்றும்.

எல்லாவற்றையும் கவிழ்ப்பது ஒரு மிட்டாய் இயந்திரம். கடைசி எபிசோடில், ஜூலியட் தீவில் காதலித்த சாயர், மருத்துவமனையில் காசு போட்ட அப்பல்லோ மிட்டாய் உள்ளே சிக்கிக்கொள்கிறது. ஜூலியட் வந்து, மின்செருகியைப் பிடுங்கி மறுபடி மாட்டச் சொல்கிறாள். செய்கிறான், மிட்டாய் விழுகிறது, விளக்கு அணைகிறது. அவள் வாயில் வருவது: வேலை செஞ்சுது. கைகள் தொடுகின்றன, இரண்டு பேருக்கும் எல்லாம் நினைவு வருகிறது. ஒரு காபி குடிக்கலாமே, அவரவர் பங்கை அவரவர் கொடுத்துடலாம் என்று தீவில் சாகும்போது அவள் பிதற்றினாளே, அந்த வரியும் இங்கேதான் இருக்கிறது. ஆக, செத்துக்கொண்டிருந்த ஜூலியட் பேசியது குண்டைப் பற்றி இல்லை. மிட்டாயைப் பற்றி! ஒரு சீசன் முழுக்க நம்மை முட்டாளாக்கிய வாக்கியத்தை இத்தனை அற்பமான, இத்தனை அன்பான இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். தொடரில் எனக்கு ரொம்பப் பிடித்த திருப்பம் இதுதான்.

இந்த விளக்கத்தின் விலை வெளியே தெரியாது, ஆனால் கொடூரமானது. அந்த உலகம் நிஜமான இன்னொரு காலம் என்றால், டேவிட் நிஜமான பிள்ளை. அவனைப் பெற்ற ஜாக்கும் ஜூலியட்டும் அவனை விட்டுவிட்டு ஒளிக்குள் நடந்து போகிறார்கள். அவர்களைப் பெற்ற பிள்ளையைக் கைவிட்ட பாவத்தில் தள்ளாமல் இந்தக் கோட்பாட்டைக் காப்பாற்ற முடியாது.

இதில் ஒரு வேடிக்கை. ஆறாவது சீசனை முதல் தடவை பார்க்கிறவர் இதை நம்பிக்கொண்டு பார்ப்பதுதான் சரி. அதனால் பார்த்துக்கொண்டிருப்பவர் உங்களிடம் இந்தக் கோட்பாட்டோடு வந்தால் திருத்தாதீர்கள். 'அப்படியா, இருக்கலாமே' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

## ஜாக்கின் கடைசி நொடி

மூங்கில் காட்டில் உயிர் இழுத்துக்கொண்டிருக்கும் ஒருவனின் மூளை, அணைவதற்கு முன் கட்டிய கனவுதான் பக்கவாட்டு உலகம் என்கிறது இந்த விளக்கம். அந்த உலகத்தில் ஜாக்கின் கழுத்தில் காரணமில்லாமல் ரத்தம் கசிகிறது. தீவில் நடந்த கடைசிச் சண்டையில் அதே கழுத்தில்தான் கத்தி கீறியது. தீவில் ஜூலியட் செய்த குடல்வால் அறுவையின் தழும்பு அங்கேயும் இருக்கிறது, சின்ன வயதில் ஆனது என்று அம்மா சொல்லும் கதையோடு. தேவாலயத்தில் ஒளி பரவுவதும் காட்டில் கண் மூடுவதும் மாறி மாறி வெட்டப்பட்டிருக்கின்றன. படத்தொகுப்பு இந்த விளக்கத்தின் காதில் வந்து கிசுகிசுக்கிறது என்றே சொல்லலாம்.

மறுமையில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இது ஒரு மரியாதையான புகலிடம். ஆவி, ஒளி எதையும் நம்பாமலே முடிவை ரசிக்கலாம். என் நண்பர் ஒருவர் தீவிர நாத்திகர், இப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறார். அவரோடு நான் சண்டை போடுவதில்லை.

ஆனால் கனவு என்று சொல்லிவிட்டால் எதை வேண்டுமானாலும் அதற்குள் தள்ளிவிடலாம். ஹர்லியும் பென்னும் பேசியது ஜாக்குக்கு எப்படித் தெரியும்? கனவு. பள்ளிக்கூடத்தில் பென் தன் மாணவி அலெக்ஸுக்காகத் தன் பதவி ஆசையை விட்டுக்கொடுத்ததில் ஜாக்கே இல்லையே? அதுவும் கனவு. எதற்கும் பிடி கொடுக்காத விளக்கத்தைத் தோற்கடிக்க முடியாது, அதனாலேயே ஜெயிக்க வைக்கவும் முடியாது.

விலையைக் கட்டுபவர் லாக். ஒரு மலிவான ஓட்டல் அறையில், தோற்றுவிட்டோம் என்கிற நினைப்போடு பென் கையால் செத்தவர் அவர். அவருடைய முகத்தையே மாட்டிக்கொண்டு, தீவின் வில்லனான கறுப்பு உடைக்காரன் ஒரு சீசன் முழுக்க அலைந்தான். அவருக்குக் கிடைத்த ஒரே நியாயம், வாசலில் பென் கேட்ட அந்த மன்னிப்பு. இதுவும் ஜாக்கின் மூளை கற்பனை செய்தது என்றால் லாக் கடைசி வரை ஏமாந்தவராகவே போய்விடுகிறார். அந்த விலையை என்னால் கொடுக்க முடியாது.

ஐந்தாவதாக ஒன்றும் சுற்றுகிறது: தீவின் புதிய காவலனான ஹர்லிதான் தன் சக்தியால் நண்பர்களுக்காக அந்த உலகத்தைக் கட்டினான் என்று. அங்கே அவன் ராசிக்காரனாக இருக்கிறான், வண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் திரட்டுகிறான் என்பதெல்லாம் சரி. எல்லோரும் சேர்ந்து உண்டாக்கியது என்று கிறிஸ்டியன் வாயாலேயே வந்துவிடுகிறதே. ஹர்லி மேல் உள்ள பாசத்தில் பிறந்த கோட்பாடு, அந்த அளவுக்கு எனக்கும் பிடிக்கும்.

## யாருக்கு எது

தொடரை ஒரு தடவை பார்த்ததோடு சரி, திரும்பப் பார்க்கப் போவதில்லை, ஆனால் முடிவு உறுத்துகிறது என்பவர்கள் இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்டியன் பேசும் காட்சியை மட்டும் இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது. மறுமை, ஆன்மா என்றாலே ஒவ்வாமை என்பவர்களுக்கு நாலாவது. லாக்கை மட்டும் உங்களால் விட்டுக்கொடுக்க முடியுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபாரடேதான் என் ஆள், ஐந்தாவது சீசன்தான் உச்சம் என்பவர்கள் மூன்றாவதை வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் மிட்டாய் இயந்திரத்துக்கு முன்னாலேயே தொடரை நிறுத்திவிடுவது உத்தமம். முதலாவதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். அதைச் சொல்லி உங்களிடம் யாராவது வாதாடினால் ஒரே கேள்வி கேளுங்கள்: பென்னி எந்த இருக்கையில் உட்கார்ந்து வந்தாள்?

நான் இரண்டாவதில்தான் இருக்கிறேன், டேவிட்டையும் சயீத்தையும் பற்றிய புகாரோடு.

இதையெல்லாம் எழுதி அனுப்பிய மறுநாள் தங்கையிடமிருந்து பதில் வந்தது. "சரி, ஒத்துக்கறேன். சார்லியைச் சும்மா சாகடிச்சிட்டாங்கன்னு நினைச்சுதான் எனக்கு அவ்ளோ கோவம். ஆனா ஒண்ணு கேக்கறேன். மூங்கில் காட்டுல ஜாக் பக்கத்துல வந்து படுத்துச்சே வின்சென்ட், அந்த நாய். முதல் எபிசோடுல அவன் கண்ணைத் திறந்ததும் ஓடி வந்ததும் அதுதானே. அதை மட்டும் ஏன் சர்ச்சுக்குள்ள விடல?"

இன்னும் பதில் அனுப்பவில்லை.